எண்பத்தைந்து வாட் ஞானதுரை

புஷ்பத்தின் கணினி விளையாட்டின் நடுவில் அணைந்துபோகும்போதெல்லாம் அவள் கணவர் ஞானதுரை, எங்கே இருந்தாலும், இருந்த இடத்திலேயே தூங்கிவிடுவார். அவள் மறுபடியும் அதைப் போடும்வரை எழுந்திருக்க மாட்டார்.

இது தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. முதல் தடவை அவர் கண்ணாடி முன்னால் நின்று மீசையைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். வலது பக்கம் முடிந்திருந்தது. இரண்டாவது தடவை ஒரு கல்யாண வீட்டில் பிரியாணிப் பந்திக்கு வரிசையில் நின்றார். பின்னால் நின்றவர்கள் அவரைத் தொந்தரவு செய்யாமல் சுற்றிக்கொண்டு போனார்கள். ஏழாவது தடவை கொஞ்சம் தூரம் போய்விட்டது.

ஞானதுரை பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். அன்று மதியம் இரண்டு மணிக்கு எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவை அணிவகுப்புக்குப் பழக்கிக்கொண்டிருந்தார். "லெஃப்ட், ரைட்" என்று சொல்லிக்கொண்டே வேப்பமரத்தில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிவிட்டார். நிற்கச் சொல்ல ஆள் இல்லாததால் நாற்பத்திரண்டு பிள்ளைகளும் நடந்துகொண்டே இருந்தார்கள். வரிசை குலையாமல் வருவதைப் பார்த்து வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டார். சமாதானபுரத்தில் போக்குவரத்துக் காவலர் இரண்டு பஸ்ஸை நிறுத்தி வழி கொடுத்தார். அவர்கள் திருச்செந்தூர் சாலையைப் பிடித்துச் செய்துங்கநல்லூர் வரை போய், அங்கே ஒரு பள்ளி மைதானத்துக்குள் நுழைந்து, சுவரை நோக்கிக் கால் மாற்றிக் கால் மாற்றி மிதித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பள்ளியின் ஆசிரியர் ஒருவர் "ஹால்ட்" என்றதும் நின்றார்கள். அங்கே அவர்களுக்கு வருகைப் பதிவு போட்டு, சுண்டல் கொடுத்து, பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். நான்கு பேருக்கு அந்த ஊர் பிடித்துப்போய் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டார்கள்.

அந்த இரண்டு மணிக்குக் கணினி அணைந்ததில் புஷ்பம் வெறுத்துப்போய், மறுபடி போடாமல், மீன் வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். வந்து, குழம்பு வைத்து, ஐந்து மணிக்குத்தான் போட்டாள். ஐந்து மணிக்கு ஞானதுரை கண் விழித்து, காலி மைதானத்தைப் பார்த்து "ஹால்ட்" என்றார்.

மறுநாள் தலைமை ஆசிரியர் மெமோ கொடுத்தார். ‘எட்டாம் வகுப்பு மாணவர்களுக்குப் பாடத்திட்டத்தில் அனுமதிக்கப்பட்ட தூரம் நானூறு மீட்டர் மட்டுமே. அதற்கு மேல் நடக்கவிட்டது ஏன் என்பதை மூன்று நாட்களுக்குள் தெரிவிக்கவும்.’ ஞானதுரை அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்து, சாப்பாட்டு மேசையில் வைத்தார். புஷ்பம் இரண்டு தடவை படித்தாள். பிறகு முருகன்குறிச்சியில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த இசக்கியப்பனுக்குப் போன் செய்தாள்.

புஷ்பத்துக்கு நாற்பத்து மூன்று வயது. பால் சங்கத்தில் பாலின் கொழுப்பை அளந்து எழுதும் வேலை. அதிகாலையில் போனால் நண்பகலில் வந்துவிடுவாள். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை அவளுடைய நேரம். அந்த நேரத்தில் கணினி விளையாட்டில் ஒரு கருங்கோட்டையைப் பிடிப்பதற்காக மற்ற மூன்று பேரோடு சேர்ந்து போரிட்டாள். கேடயம் தூக்குவது அவள் பொறுப்பு. வருகிற அடியையெல்லாம் அவள் வாங்கிக்கொண்டால்தான் மற்றவர்கள் முன்னேற முடியும். அணிக்குத் தலைவி ஓசூரில் பல் மருத்துவராக இருந்த வசுமதி. பழைய கணினியில் அந்த விளையாட்டு திறக்கவே திறக்காது என்பதால், புஷ்பம் தன் பிறந்தநாளுக்குத் தானே, காட்சிகளை ஓட்டும் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். முழங்கை நீளம் இருக்கும். அது வந்த நாளிலிருந்துதான் இப்படி.

இசக்கியப்பன் ஒரு குறிப்பேட்டோடு வந்தார். நிதானமான மனிதர்.

"சும்மா இருக்கும்போது அணையுதா, விளையாடும்போது அணையுதாக்கா?"

"விளையாடும்போது மட்டும்."

"படம் பாத்தா?"

"அணையாது."

"சார் எந்தப் பக்கமா சாய்வாரு?"

"இடது பக்கம்."

அதையும் எழுதிக்கொண்டார்.

முதல் நாள் பெட்டியைத் திறந்து தூசியை ஊதினார். பிராசசரின் சூட்டைக் கடத்தும் பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புதிது வைத்தார். சூடு சரியாகத்தான் இருந்தது, ஆனால் கணினி அணைந்தது. அடுத்த நாள் ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். அப்போதும் அணைந்தது. மூன்றாம் நாள் விண்டோஸை முழுவதும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டார். அன்று சாயங்காலம் ஞானதுரைக்குத் தன் கல்யாண நாள் மறந்துபோயிருந்தது. அது முன்பே மறந்ததுதான் என்று புஷ்பம் சொன்னதால் இசக்கியப்பன் அதைக் குறிப்பில் சேர்க்கவில்லை.

நான்காம் நாள் ஞானதுரை அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு வந்து கணினிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். புதிய கார்டைக் கழற்றி வைத்து இரண்டு மணி நேரம் ஓட்டினார்கள். கணினி ஓடியது, அவரும் விழித்திருந்தார். கார்டை மாட்டி, புஷ்பத்தை விளையாடச் சொன்னார்கள். பன்னிரண்டாவது நிமிடம் திரை கறுத்தது, விசிறி நின்றது. ஞானதுரை கையிலிருந்த காப்பி டம்ளர் சரிந்தது. இசக்கியப்பன் அதைப் பிடித்து ஜன்னலில் வைத்தார்.

"புரிஞ்சிட்டு" என்றார்.

கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைக் கழற்றிக் கையில் வைத்து எடை பார்த்தார். "கனமே இல்லையேக்கா. நல்லதுன்னா செங்கல் மாதிரி இருக்கும். மேல நானூத்தம்பது வாட்னு ஒட்டியிருக்கான். உள்ள முந்நூறுதான் வருது. இந்தக் கார்டு ஓட்டம் பிடிச்சா மொத்தமா நானூத்தம்பது கேக்குது. மிச்ச நூத்தம்பதுக்கு அது எங்க போகும்?"

பையிலிருந்து மீட்டரை எடுத்து, அதன் கவ்வியைத் தூங்குகிற ஞானதுரையின் காதுமடலில் மாட்டினார். முள் அசையவில்லை. "இப்ப காலி. போடுங்க." புஷ்பம் கணினியைப் போட்டாள். ஞானதுரை கண் விழித்துக் காப்பியைத் தேடினார். முள் ஏறி நின்றது.

"எண்பத்தஞ்சு. சார் வயசுக்கு நல்ல அளவு."

"அப்ப முந்நூத்தி எண்பத்தஞ்சு" என்றாள் புஷ்பம். அவளுக்கு அளவுகள் பழக்கம்.

"பத்தலை. அதான் அவரையும் குடிச்சிட்டு அதுவும் அணையுது."

"ஏன் அவர்கிட்ட இருந்து எடுக்கு? நான்தானே பக்கத்துல இருக்கேன்."

"மவுஸ்ல கை இருக்கிற ஆள்கிட்ட எடுக்காதுக்கா. அது மரியாதை. வீட்டுல வேற ஆளு யாருன்னு பாக்கும். பக்கத்துல இருந்தா பக்கத்துல, தூரத்துல இருந்தா தூரத்துல."

ஞானதுரை காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, எண்பத்தைந்து என்பது கூடுதலா குறைவா என்று கேட்டார். பெரும்பாலானவர்களுக்கு எழுபதுதான் வரும் என்றார் இசக்கியப்பன். ஞானதுரை நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த மாதத்தில் அவரைப் பற்றி யாரும் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது.

எழுநூற்றைம்பது வாட் எஸ்.எம்.பி.எஸ். போட்டால் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் அது திருநெல்வேலியில் எங்கேயும் இல்லை. சென்னையிலிருந்து வர வேண்டும், திங்கட்கிழமைதான் கிடைக்கும். பழையதையே மாட்டி, மீட்டரையும் அங்கேயே விட்டுவிட்டு இசக்கியப்பன் கிளம்பினார்.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குப் புஷ்பத்தின் அணிக்கு இறுதிப் போட்டி. கருங்கோட்டையின் ஏழாவது வாசலை அன்று மட்டும்தான் திறந்துவிடுவார்கள். அதே சனிக்கிழமை அதே மூன்று மணிக்கு ஞானதுரையின் பள்ளியில் விளையாட்டு விழா. அறுநூறு பிள்ளைகள் சிறப்பு விருந்தினருக்கு முன்னால் அணிவகுத்துப் போய், மேடைக்கு எதிரே நிற்க வேண்டும். மைதானத்தின் அந்தப் பக்கம் சுவர் இல்லை. நிற்காமல் போனால் இரண்டு கிலோமீட்டரில் ஆறு.

"இன்னொரு தடவை நடந்தா என்னை நூலகத்துக்கு மாத்திருவாங்க" என்றார் ஞானதுரை. பள்ளியில் நூலகம் இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

வசுமதியும் போனில் நயமாகத்தான் சொன்னார். "அக்கா, உங்களை மாதிரி கேடயம் பிடிக்க ஆள் கிடையாது. ஆனா பதினோரு தடவை பாதியில காணாமப் போயிட்டீங்க. சனிக்கிழமையும் அப்படி ஆச்சுன்னா, சேலத்துல ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கார்."

வெள்ளிக்கிழமை பள்ளிக்கு உள்ளூர் விடுமுறை. இருவரும் உட்கார்ந்து வழி தேடினார்கள். விளையாட்டின் அமைப்பில் காட்சி ஆடம்பரங்களைக் குறைத்தால் மின்சாரம் குறைவாகப் போதும் என்று இசக்கியப்பன் சொல்லியிருந்தார். ஞானதுரை கீழே முற்றத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். புஷ்பம் மாடியில் ஒவ்வொன்றாகக் குறைத்தாள்.

"நிழலை எடுத்துட்டேன். எப்படி இருக்கு?"

"நடக்க முடியுது. பேச்சு வரல."

பேச்சு வரவில்லை என்பதை அவர் வாட்ஸாப்பில் எழுதித்தான் அனுப்பினார். அவள் தண்ணீரின் பளபளப்பை எடுத்தாள்.

"லெஃப்ட் வருது" என்றார் இப்போது. "ரைட் வரல."

"புல்லை எடுக்கவா?"

"எடு."

புல்லை எடுத்ததும் ரைட் வந்தது. தூரத்து மலைகளை எடுத்ததும் விசில் ஊத முடிந்தது. ஆனால் ‘ஹால்ட்’ மட்டும் வாயில் நின்றுகொண்டது. கடைசியில் வானத்தை எடுத்துவிட்டாள். கோட்டைக்கு மேலே ஒன்றும் இல்லாமல் வெறும் சாம்பல் நிறம். கீழே இருந்து "ஹால்ட்" என்று சத்தம் கேட்டது. தெருவில் போன தபால்காரர் நின்றார். மீட்டரில் அளந்து பார்த்தால் ஆறாவது வாசலில் கணினி முந்நூற்று நாற்பது கேட்டது. நாற்பது வாட்டைக் கொடுத்துவிட்டு மிச்சத்தில் ஞானதுரை ஒரு விளையாட்டு விழாவை நடத்திவிட முடியும்.

மகிழ்ச்சியாகத்தான் சாப்பிட உட்கார்ந்தார்கள். குழம்பை ஊற்றிக்கொண்டே ஞானதுரை சொன்னார்.

"நாளைக்கு அண்ணாச்சியைக் கொஞ்சம் பாத்து அடி புஷ்பம்."

"எந்த அண்ணாச்சி?"

"கோட்டைக்குத் தலைவர். ஏழாவது வாசல்ல நிக்கிறவரு."

தூங்கும்போது தான் அங்கேதான் போவதாக அவர் சொன்னார். கணினி அணைந்ததும் கோட்டையில் ஒரே இருட்டு. படைவீரர்கள் கரண்ட் போன வீடு மாதிரி வெளித்திண்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பார்கள். அவரும் போய் உட்காருவார். கதவுக்குப் பக்கத்திலேயே பல வருடமாக நின்றதில் அண்ணாச்சிக்கு இரண்டு மூட்டும் போய்விட்டது.

"அதனால காலை நீட்டி மடக்க நாலு பயிற்சி சொல்லிக்குடுத்தேன். மத்தவங்களும் கேட்டாங்க. அப்புறம் வரிசையா நடக்கவும் பழக்கினேன். நல்ல பிள்ளைங்க. சொன்ன பேச்சுக் கேக்காங்க."

புஷ்பம் சோற்றிலிருந்து கையை எடுத்தாள்.

"அதான் பத்து நாளா வரிசையா வாறாங்களா?"

ஞானதுரை சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"முன்னெல்லாம் ஒவ்வொருத்தனா வந்து விழுவான். இப்ப நாலு நாலா வந்து திரும்புதான், குனியுதான். வசுமதி பத்து நாளா மண்டையை உடைச்சுக்கிட்டு இருக்கா. நாங்க செத்துச் செத்துப் பொழைக்கோம், நீங்க அவங்களுக்கு டிரில் எடுத்திருக்கீங்க!"

"மூட்டுவலின்னு ஒரு மனுஷன் சொன்னா எப்படிச் சும்மா இருக்கது?"

"எங்க அம்மா மூட்டுவலின்னப்ப சும்மாதானே இருந்தீங்க!"

ஞானதுரை தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அங்க யாரும் மெமோ குடுக்க மாட்டாங்க புஷ்பம். நான் போனா எந்திரிச்சு நிக்காங்க."

அவள் எழுந்து போய்க் கை கழுவினாள். அன்று முழுவதும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் மறுநாள் காலையில் அவருடைய வெள்ளைப் பேண்ட்டையும் சட்டையையும் அவளே தேய்த்து வைத்தாள். விசில் கயிற்றையும் துவைத்துப் போட்டாள்.

சனிக்கிழமை மூன்று மணிக்குப் போட்டி தொடங்கியது. பள்ளி மைதானம் இரண்டு தெரு தள்ளித்தான். ஜன்னலைத் திறந்து வைத்திருந்ததால் பேண்டு முரசும் ஒலிபெருக்கியில் ஞானதுரையின் குரலும் தெளிவாகக் கேட்டன. "லெஃப்ட், ரைட். லெஃப்ட், ரைட்." அந்தத் தாளத்துக்குப் புஷ்பத்தின் அணி முன்னேறியது. எதிரிப் படையும் அதே தாளத்துக்குத்தான் வந்தது. நிழலும் புல்லும் வானமும் இல்லாத அந்த இடத்தில், ஐந்தாவது வாசலும் ஆறாவது வாசலும் விழுந்தன. ஏழாவது வாசல் திறந்தது.

உள்ளே நெருப்பு மழை பெய்தது. அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. நெருப்பைக் குறைக்க அமைப்பில் இடம் இல்லை. பெட்டிக்குள் விசிறி ஓலமிடத் தொடங்கியது.

"பிடிச்சுக்கங்க அக்கா! ரெண்டு நிமிஷம்!" என்று காதில் வசுமதி கத்தினார்.

ஜன்னல் வழியே "லெஃப்ட்..." என்று வந்தது. ரைட் வரவில்லை. முரசு மட்டும் அடித்தது. "லெஃப்ட்..." என்று மறுபடியும், தூக்கத்தில் பேசுகிறவர் மாதிரி. பிறகு மைக்கில் மூச்சு மட்டும் கேட்டது. அறுநூறு ஜோடிக் கால்கள் மேடையை நெருங்கும் சத்தம் ஒரே சீராகக் கேட்டது.

புஷ்பம் கணக்குப் போட்டாள். மீட்டரில் கணினி நானூறு கேட்கிறது. முந்நூறும் எண்பத்தைந்தும் முந்நூற்று எண்பத்தைந்து. பதினைந்து குறைகிறது. இன்னும் சில நொடியில் அவரும் போய்விடுவார், கணினியும் போய்விடும், பிள்ளைகளும் ஆற்றுக்குப் போய்விடுவார்கள். தன்னை யாரும் அளந்ததில்லை என்பதும் அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது.

கேடயத்தைத் தூக்கி நேராக நிறுத்தினாள். மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

தூங்கிப்போவதற்கு முன் அவள் கேட்ட கடைசிச் சத்தம் "ஹால்ட்". இரண்டு தெருவுக்கு அப்பால் அறுநூறு பேரும் ஒரே அடியில் நின்றார்கள்.

கண் திறந்தபோது கதவுக்கு உட்புறம் நின்றிருந்தாள். பக்கத்தில் கருங்கவசம் போட்ட பெரிய உருவம் வாளை ஊன்றி நின்றது. முழங்கால் இரண்டிலும் கம்பளித் துணி சுற்றியிருந்தது.

"யாரும்மா நீ?"

"பி.டி. சார் வீட்டுக்காரி."

அண்ணாச்சி வாளைச் சுவரில் சாய்த்து வைத்தார். "சார் வீட்டம்மாவா? வெளிய கேடயத்தைத் தூக்கிக்கிட்டு மூணு வாரமா நிக்கிறது நீதானா? முதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா தாயி?" என்று சொல்லிவிட்டு, தாழ்ப்பாளை அவரே எடுத்து, கதவின் இரண்டு பக்கத்தையும் அகலமாகத் திறந்தார். வீரர்கள் இரண்டு வரிசையாக ஒதுங்கி வழி விட்டார்கள். வெளியே வசுமதியும் மற்ற இருவரும் அம்பை நாணில் வைத்தபடி நின்றிருந்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.

ஞானதுரை நான்கரை மணிக்கு வீட்டுக்கு வந்தார். தலைமை ஆசிரியர் மெமோவைத் திரும்பப் பெற்றிருந்தார். ஞானதுரையின் கையில் விழாவில் கொடுத்த துண்டும் எலுமிச்சம்பழமும் இருந்தன. புஷ்பம் நாற்காலியில் இடது பக்கம் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். திரையில் வெற்றி என்று எழுதியிருந்தது. அவர் துண்டை அவள் தோளில் போர்த்திவிட்டு, அவசரப்படாமல், விளையாட்டை மூடி, கணினியை முறைப்படி அணைத்தார். அவள் விழித்துக்கொண்டாள்.

"நின்னாங்களா?" என்றாள்.

"நின்னாங்க." எலுமிச்சம்பழத்தை மேசையில் வைத்துவிட்டு அவர் கேட்டார். "அண்ணாச்சி என்ன சொன்னாரு?"

"இடது முழங்கால் பரவாயில்லையாம். வலதுதான் இன்னும் பிடிக்குதாம்."

"தினமும் செய்யணும். செஞ்சிருக்க மாட்டாரு" என்றார் ஞானதுரை.

திங்கட்கிழமை இசக்கியப்பன் செங்கல் கனத்தில் எஸ்.எம்.பி.எஸ்.ஸோடு வந்தார். மாட்டுவதற்கு முன் புஷ்பத்தின் காதில் மீட்டரை வைத்துப் பார்த்தார். முள் நூற்றுப்பத்தில் நின்றது. ஞானதுரையும் எட்டிப் பார்த்தார்.

"அக்காவை முதல்லயே அளந்திருக்கணும்" என்றார் இசக்கியப்பன்.

"யாரும் கேக்கலையே" என்றாள் புஷ்பம்.

புதிய பெட்டியை மாட்டி, நிழலையும் தண்ணீரையும் புல்லையும் மலையையும் வானத்தையும் திரும்பப் போட்டு, நான்கு மணி நேரம் ஓட்டினார்கள். கணினி அணையவில்லை. யாரும் தூங்கவில்லை. நானூற்றைம்பதுதான் செலவாகிறது, முந்நூறு வாட் மிச்சம் என்று இசக்கியப்பன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

"மிச்சம் எங்க போகும்?" என்று கேட்டாள்.

"வெளிய போகும்க்கா. யாருக்காவது தேவையிருக்கும்."

சாயங்காலம் ஆறு மணி வாக்கில் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு அருமைநாயகம் நின்றிருந்தார். போன தை மாதம் காலமானவர். அடக்கத்துக்கு ஞானதுரைதான் வேன் பிடித்துக் கொடுத்தார். சட்டையில் கொஞ்சம் மண் ஒட்டியிருந்தது. மற்றபடி நன்றாகத்தான் இருந்தார்.

"மத்தியானத்துல இருந்து ஒரே முழிப்பா இருக்கு" என்றார். "வீட்டுக்குப் போனேன். ரேஷன் கார்டுல என் பேரை என் வீட்டுக்காரி எடுத்துட்டாளாம். திரும்பச் சேக்கணும்னா எந்த ஃபாரம் சார்?"

ஞானதுரைக்கு அது தெரியவில்லை. வட்ட வழங்கல் அலுவலகத்தில் செவ்வாய், வியாழன் இரண்டு நாளும்தான் பெயர் சேர்ப்பார்கள் என்றும், பத்து மணிக்கு முன்னால் போனால் டோக்கன் கிடைக்கும் என்றும், இரண்டு போட்டோ கட்டாயம் என்றும் புஷ்பம் சொன்னாள்.

"பழைய போட்டோ போதுமாம்மா?"

"புதுசுதான் கேப்பாங்க" என்றாள் அவள்.